ஆராவமுதனைக் காட்டிக்கொடுத்த கார்

தன் கார் தன்னையே வேவு பார்ப்பதை இனி ஒரு நாளும் பொறுப்பதில்லை என்று ஆராவமுதன் காலைக் காபிக்கு முன்பே முடிவு கட்டிவிட்டார்.

பேப்பரில் அரைப் பக்கம் போட்டிருந்தான். இன்டர்நெட் வைத்த கார்கள், நாம் எங்கே போகிறோம், எங்கே நிற்கிறோம் என்று சகலத்தையும் கம்பெனிக்கு ஓதிவிடுகின்றனவாம். படித்ததும் பேப்பரைச் சுருட்டி எறிந்தார். எல்லாம் தில்பசந்த் என்கிற பேக்கரி இனிப்பு படுத்தும் பாடு. சர்க்கரை ஏறி டாக்டர் இனிப்பை நிறுத்திய நாளிலிருந்து, அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்பதாகச் சொல்லிக் காரை எடுப்பார். இந்திராநகர் பேக்கரி வாசலில் நின்று, தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் பிதுங்கும் தில்பசந்தை விழுங்குவார். வீடு இருக்கும் ஜோகுபாளையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஏரிக்குக் கார் எதற்கு என்று மனைவி ராஜலக்ஷ்மி கேட்டதே இல்லை. அப்பாவி!

"ராஜி, நம்ம கார் நம்மளக் காட்டிக் குடுக்கறதுடி!"

"அய்யய்யோ, யாருக்குன்னா?"

"கம்பெனிக்கு! அவன் அமெரிக்காக்காரனுக்கு வித்துடுவான்!"

"நீங்க ஏரியைச் சுத்தறதைத் தெரிஞ்சுண்டு அமெரிக்காக்காரன் என்ன பண்ணப் போறான்?"

"மனுஷனுக்கு அந்தரங்கம்னு ஒண்ணு வேண்டாமா?"

"வேணும்தான். போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கோ. நான் காபி கலக்கறேன்."

இத்தனை சுலபமாக ஜெயித்துப் பழக்கமில்லை அவருக்கு. கார் கம்பெனிக்குப் போன் போட்டு, தன் வீரத்தை அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"நமஸ்காரா சார்!"

"தமிழ் பருத்தாம்மா?" தமிழ் வருமா என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் விசாரித்தார்.

"பேசலாம் சார். நான் அனன்யா."

"என் காரைப் பத்தின தகவல் அத்தனையும் அழிச்சுடுங்கோ. இப்பவே!"

"கண்டிப்பா சார். உங்க நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கேன்."

சமையலறையில் ராஜலக்ஷ்மியின் போன் சிணுங்கியது. ஆராவமுதன் உஷார்ப் பேர்வழி. துணிக்கடையோ கார் ஷோரூமோ, எவன் கேட்டாலும் தன் நம்பரைத் தரமாட்டார். பெண்டாட்டி நம்பரைத்தான் தருவார். தொல்லை எல்லாம் அவளுக்கே போகட்டும்!

உள்ளிருந்தபடியே அவள் ஓடிபியை ஒப்பித்தாள்.

"தேங்க்ஸ் சார். ஓனர் நீங்கதானான்னு பார்க்க ஒரே கேள்வி. தினமும் சாயந்தரம் காரை எங்க நிறுத்துறீங்க?"

ஆராவமுதன் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அ... அல்சூர் ஏரி."

"தப்பு சார். இன்னும் ரெண்டு சான்ஸ் இருக்கு."

"ஏரிக்கு எதிர்த்தாப்பல!"

"அதுவும் தப்பு. இது கடைசி சான்ஸ் சார். தப்பா சொன்னா லாக் ஆயிடும், தகவலை அழிக்க முடியாது."

உண்மையைச் சொன்னால் மனைவிக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் கார் ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரை அணைக்கப் போய், பதற்றத்தில் சத்தத்தைத்தான் கூட்டினார்.

ராஜலக்ஷ்மி காபியோடு வந்தாள்.

"இந்திராநகர் பேக்கரின்னு சொல்லுங்கோன்னா. தினமும் எனக்கு மெசேஜ் வரதே! பாவம், அந்தப் பொண்ணு எத்தனை நாழி காத்துண்டிருப்பா?"

"கரெக்ட் மேடம்! எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம்மா, இருக்கட்டும். இந்த ஆத்துல அந்தக் கார் ஒண்ணுதான் நிஜம் பேசறது."