துண்டு போட்டுப் பேசிய மந்திரி

புதுச்சேரியில் என் மானத்தை எங்கள் முதலாளி அளவுக்கு வாங்கியவர் யாரும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவருடைய புஷ்புஷ் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியவன் நான். அவர் எங்கே போய் அசிங்கப்பட்டாலும் கூடவே நானும் நிற்பேன்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தார். பிரெஞ்சு மரியாதையில் மல்லாட்டை முசே என்பார்கள். கவர்னரின் ஆலோசனை சபையில் சேர்த்தார்கள். ஊர் மந்திரி என்றது. கோட்டு வந்தது, தொப்பி வந்தது. கோட்டின் மேல் பழைய துண்டு அப்படியே கிடந்தது.

கவர்னர் விருந்தில் வறுத்த பாதாமை மல்லாட்டை மாதிரி உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதினார். ஒரு துரைசானி மடியில் போய் விழுந்தது. "சரக்குல ஈரம்" என்று அவர் சொன்னது வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு அடியில் விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரல் பிடித்தார்களோ அதுதான் விலை. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு மாறக்கூடாது.

உப்பளம் பகுதியில் எங்கள் தெருக் கிணறு ஒரே உவர்ப்பு. பிள்ளைகளுக்கு ஓயாமல் வயிற்றால் போனது. குழாய் கேட்டோம். மந்திரி தண்ணீர் இலாகா துரையைத் தெருவுக்கே கூட்டி வந்தார்.

துரை பார்த்தார். முடியாது என்று தலையை ஆட்டினார்.

மந்திரி துண்டை எடுத்துத் துரை கைமேல் போட்டார். உள்ளே விரலைப் பிடித்தார். துரை முகம் சிவந்தது.

"முதலாளி, விட்டுடுங்க" என்றேன்.

"சும்மா இருடா. நாலு குழா கேக்குறேன், மனுசன் அசையல."

துரை கையை இழுத்தார். ஒற்றை விரல் மட்டும் சிக்கிக்கொண்டது.

"சரி, ஒண்ணு. முடிஞ்சுது" என்று மந்திரி துண்டை உதறினார்.

"துரைக்குக் கைப்பிடிச்சுக் கல்யாணம் ஆயிடுச்சுடா" என்றான் ஒருவன். தெருவே சிரித்தது. நான் தரையைப் பார்த்தேன்.

மந்திரியை வண்டியில் தள்ளிக்கொண்டு திரும்பினேன். மண்டி வாசலில் இறங்கிக் கேட்டார்.

"அசிங்கமாயிடுச்சாடா, சூசை?"

"ஆமாங்க."

மழைக்கு முன்னால் ஒரு குழாய் வந்தது. அந்த ஆள் மறுபடி துண்டோடு வந்துவிடக்கூடாது என்றுதான் துரை கையெழுத்துப் போட்டாராம். திறப்புக்கு மந்திரியைக் கூப்பிட்டோம். வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை.

ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து மண்டிக்கு எடுத்துப் போனேன். முழுக்கக் குடித்தார். சொம்பைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"மூணு குழா கொறைஞ்சுடுச்சுடா."

"இது போதுங்க."

அவர் கையை எடுக்கவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.