லூப்பில் மாட்டிய ராஜா

“ராஜா இன்னும் வரலையா?” என்று மாமியார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தபோது, உள்ளறையில் மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை மவுஸால் ஒன்பதாவது தடவையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

“வந்துக்கிட்டே இருக்கார் அத்தை!”

வந்தது ராஜா இல்லை. ‘லூப் எதுவும் காலி இல்லை’ என்று கம்ப்யூட்டர் கைவிரித்தது.

விஷயம் இதுதான். மாமனார் வேலையில் இருந்த காலத்தில் அலுவலக நாடகம் ஒன்றில் ராஜாவாக நடித்தார். வீரவசனத்தின் நடுவில் ஒட்டுமீசை கழன்று ராணியின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. பதறிப்போன ராஜா, அத்தனை பேர் முன்னிலையில் திரைப்பக்கம் திரும்பி, “அடுத்து என்னய்யா?” என்று கேட்டார். அந்த வீடியோவைப் பார்க்காமல் எந்த விருந்தாளியும் இந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. மாமியார் அதைப் போடும்போதெல்லாம் மாமனார் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். அவ்வளவு அடக்கமானவர்.

இன்று சாயங்காலம் சின்ன மகள் வழியில் வரப்போகும் சம்பந்திகள் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். ராஜாவைக் காட்டுவதாக மாமியார் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் வீடியோ இருந்த ஒரிஜினல் டிஸ்க்கை யாரோ கொதிக்கும் டம்ளருக்கு அடியில் வைத்து அப்பளமாக வளைத்திருந்தார்கள். டிஸ்க்கை முழுசாக ஒரே கோப்பாக எடுத்து வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரோ, மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

“கடையில குடுத்துடலாம்” என்றார் மாமியார்.

“கடை எதுக்கு? நம்ம மாப்பிள்ளை இருக்காரே, அவர்கிட்டயே குடு” என்றார் மாமனார்.

மாப்பிள்ளைக்குத் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. பல்செட் செய்யும் தொழிலில் அவர் கெட்டிக்காரர்தான். வீட்டுச் சாமான்கள் விஷயத்தில் மட்டும் அவர் கை பட்டது விளங்கியதில்லை. ஒழுகும் குழாயைச் சரிசெய்தார். ஒழுகல் நின்றது, தண்ணீரும் நின்றது. அழைப்பு மணியைச் சரிசெய்தார்; அன்று முதல் மணியை அழுத்தினால் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். ‘தயவுசெய்து கதவைத் தட்டவும்’ என்று அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

அப்பேர்ப்பட்டவரை அந்த வீட்டில் முதல்முறையாக ஒருத்தர் நம்பிவிட்டார்! மாப்பிள்ளைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தலையை அடகு வைத்தாவது மாமாவின் நம்பிக்கையைக் காப்பாற்றுவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

நல்ல தொடக்கம்தான். ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும் குட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டதும் கிழட்டுக் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. இனி டிஸ்க் கோப்பை மவுன்ட் செய்ய வேண்டும். அதாவது வெறும் கோப்புக்கு டிஸ்க் வேஷம் கட்டி மேடையேற்ற வேண்டும். அந்த வேஷம் கட்டும் அறைக்குப் பெயர்தான் லூப். தட்டினால் ஓர் அறை பிடித்து, வேஷம் போட்டு, வெளியே வர நேரமாகும். அவசரக்காரருக்குப் பொறுமை ஏது? தட்டிக்கொண்டே இருந்தார். தட்டியதெல்லாம் ஒவ்வோர் அறையைப் பிடித்துக்கொண்டது.

இப்போது திரை முழுக்க ராஜாக்கள். அத்தனை பேரும் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

“என்னங்க, ஆச்சா?” மனைவி எட்டிப் பார்த்தாள். “ஐயோ, அப்பா எதுக்கு இத்தனை பேர்?”

“கொஞ்சம் கூட்டத்தைக் குறைக்கணும். அவ்வளவுதான்.”

லூப்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக விடுவித்தார். பட்டியலில் அவர் மவுன்ட் செய்யாத ஒரு லூப்பும் இருந்தது. ‘இவன் யார் அழையா விருந்தாளி?’ என்று அதையும் பிடித்து இழுத்தார். வரவில்லை. பலவந்தமாக இழுத்தார். அந்த லூப்பில்தான் குட்டி ஆபரேட்டிங் சிஸ்டமே குடியிருந்தது! நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதையாக, திரை கறுத்துப்போனது.

“கரண்ட் போச்சா?” என்றாள் மனைவி.

“இல்ல, நான்தான்.”

மறுபடி கிளப்பினார். இந்தத் தடவை ஒரே ஒரு தட்டல். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வந்தார் ராஜா! கம்பீரமாக வாளை உருவினார். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டரில் இடமில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்தது. பார்த்தால், ஒரு பக்கம் கோப்பு இருக்கிறது, இன்னொரு பக்கம் அதன் டிஸ்க் வேஷம் இருக்கிறது. ‘ஒரே ராஜா எதுக்கு ரெண்டு இடத்துல?’ என்று கோப்பை அழித்துவிட்டார்.

இடம் காலியாகவில்லை. கோப்பைக் காணோம். ராஜா மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் வசனம் பேசிக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“கோப்பையே அழிச்சிட்டீங்களா?” கடைக்காரர் அலறினார். “சார், வேஷம் மேல இருக்கறவரைக்கும்தான் ஆள் உயிரோட இருப்பார். லூப் பிடிச்சு வெச்சிருக்கு. கம்ப்யூட்டர் ஒரு செகண்டு அணைஞ்சாலும் போச்சு! வேற பென்டிரைவ் போட்டு, டிஸ்க்குக்குள்ள இருக்கற வீடியோவை உடனே காப்பி எடுங்க!”

போனை வைத்துத் திரும்பினால் அறை வாசலில் மாமனார்.

“மாமா... எல்லாம் காதுல விழுந்துதா?”

“விழுந்தது, விழுந்தது. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் மாப்பிள்ளை. நீங்க காப்பி எடுங்க. நான் கூடவே இருந்து உதவி பண்றேன்.”

மாப்பிள்ளை உருகிப்போனார். பெற்ற தகப்பன்கூட இப்படிச் சொல்லமாட்டார்!

காப்பி தொடங்கியது. பத்து சதவீதம். இருபது.

“ரொம்ப வேர்க்குதே உங்களுக்கு. ஃபேனைப் போடறேன்” என்று மாமனார் சுவிட்ச் பலகையை நெருங்கினார். அவர் விரல் போன இடம் ஃபேன் சுவிட்ச் இல்லை.

“மாமா! அது கம்ப்யூட்டர்!” மாப்பிள்ளை ஒரே தாவலில் கையைப் பிடித்தார்.

“அடடே. கண்ணாடி போடாம வந்துட்டேன்.”

நாற்பது சதவீதம். மாமனார் சொம்பு நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தார். கால் இடறியது. சொம்பு நேராகக் கம்ப்யூட்டரை நோக்கிப் பறந்தது. மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்து அத்தனை தண்ணீரையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டார்.

“பாவம், வயசாச்சு” என்று துடைத்துக்கொண்டார்.

எழுபது. வாசலில் கார் வந்து நின்றது. மாமியாரின் வரவேற்புக் குரல் தெருவரை கேட்டது. எண்பது. மாப்பிள்ளை சொட்டச் சொட்ட நின்று பென்டிரைவைக் கும்பிட்டார். தொண்ணூறு.

“மணி ஒழுங்கா அடிக்குதான்னு பார்த்துட்டு வரேன்” என்றார் மாமனார், திடீரென்று ஞாபகம் வந்தவர்போல.

“மாமா, மணியா? வேண்டாம்! மாமா!”

செருப்புகூடப் போடாமல் மாமனார் வாசலை நோக்கி நடந்தார். அந்த வயதில் அப்படி ஒரு நடையை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. முடிந்தது! மாப்பிள்ளை பென்டிரைவை முறைப்படி விடுவித்து உருவி எடுத்ததும், வாசலில் ‘டிங்’ என்றது. வீடே இருண்டது.

“ஜெயிச்சிட்டேன்!” இருட்டுக்குள் மாப்பிள்ளை குதித்த குதியில் ஒரு நாற்காலி சாய்ந்தது.

ஃப்யூஸ் போட்டு, பென்டிரைவை டிவியில் சொருகினார்கள். ராஜா வந்தார். மீசை பறந்தது. “அடுத்து என்னய்யா?” என்றதும் சம்பந்தியம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்து, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“எல்லாம் எங்க மாப்பிள்ளை கைவண்ணம்” என்றார் மாமியார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை! மனைவி பெருமையோடு அவர் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனாலும் மாப்பிள்ளைக்கு வேறொரு பாராட்டுத்தான் வேண்டியிருந்தது. கொல்லைப்பக்கம் போனார். மாமனார் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செடி ஏற்கெனவே மூழ்கியிருந்தது.

“மாமா,” என்றார், “நீங்க என்மேல வெச்ச நம்பிக்கையைக் காப்பாத்திட்டேன்.”

மாமனார் சொம்பைக் கீழே வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க தொட்டா எதுவும் உருப்படாதுன்னு நம்பித்தானே மாப்பிள்ளை, இந்த வேலையை உங்ககிட்டயே குடுக்கச் சொன்னேன்!”