மியூவானைத் தடுத்த தகடு

காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. சும்மா எதுவும் கொடுக்கவில்லை. கதிர் ஐயா தகடு விற்கிறார். உள்ளங்கை அகலச் செப்புத் தகடு. கழுத்தில் மாட்டிக்கொண்டால் மியூவான் அண்டாதாம்.

மியூவான் என்றால் என்னவென்று வரிசையில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குப் பயப்படுவதில் ஒரு வசதி, கேள்வியே கேட்க வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு சோதனை உலை இருக்கிறது. பெரிய அணு உலையைப் போலக் கொதிக்காமல், குறைந்த வெப்பத்திலேயே அணுவை இணைத்துப் பார்க்கிற கொட்டகை. அங்கிருந்து மியூவான் பறந்து வந்து எலும்பைக் கரைக்கிறது என்று ஐயா கண்டுபிடித்தார். எங்கே படித்துக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடி உட்கார்ந்து கண்டுபிடித்தார்.

கையில் ஒரு கருவி. தகடு இல்லாதவரிடம் நீட்டினால் கத்தும். தகடு மாட்டியதும் அடங்கிவிடும். இதைவிட என்ன சான்று வேண்டும்?

உலைக் கொட்டகையில் வேலை செய்கிறவர்களும் வரிசையில் நின்றார்கள். அதுதான் வேடிக்கை. அவர்களில் ஒரு வெல்டர் இரண்டு தகடு வாங்கினார். ஒன்று ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவிக்கு, இன்னொன்று தனக்கு.

"சட்டையில குத்தியிருக்கியே தம்பி, அது என்ன?" என்றார் ஐயா.

"பேட்ஜுங்க. உடம்புல எவ்வளவு கதிர் ஏறுதுன்னு பதிவாகும். மாசம் ஒரு தடவை வாங்கிப் பார்ப்பாங்க."

"கதிர இழுக்கிறதே அதுதான். கழட்டி வீட்டு அலமாரில வை. இனிமே தகடு பாத்துக்கும்."

காய்ச்சலை அளக்கிற கருவிதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்ற இந்த அரிய தத்துவத்தை வெல்டர் நம்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நம்பினார்கள். உலை ஓடும்போது கான்கிரீட் சுவருக்கு வெளியேதான் நிற்க வேண்டும். கழுத்தில் தகடு இருக்கும்போது சுவர் எதற்கு? உள்ளே போய், ஓடுகிற உலைக்குப் பக்கத்திலேயே நின்று குழாயைச் சரிபார்த்தார்கள்.

மாதக் கடைசியில் பேட்ஜ்களை வாங்கி அளவு பார்க்கிற அக்கா திடுக்கிட்டார். கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த பேட்ஜில் வழக்கமான அளவு ஏறியிருந்தது. ஆட்களின் பேட்ஜ்களிலோ ஒன்றுமே இல்லை. வெல்டரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் பெருமையாகவே சொன்னார்.

அக்கா சத்தம் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெல்டரையும் கூட்டிக்கொண்டு, ஆறு சாப்பாட்டு டப்பாக்களோடு, ஐயா தகடு விற்கிற கூட்டத்துக்குப் போனார்.

"ஐயா, திறக்காம, கருவிய வச்சுப் பாத்து, எந்தெந்த டப்பால உங்க தகடு இருக்குன்னு சொல்லுங்க."

"மியூவான வச்சு விளையாடக் கூடாதும்மா."

"இவன் சம்சாரத்தோட பயத்த வச்சு விளையாடலாம், டப்பாவ வச்சு விளையாடக் கூடாதா?"

கூட்டம் சிரித்துவிட்டது. இனிப் பின்வாங்கினால் பிழைப்பு போய்விடும். ஐயா கருவியை நீட்டினார். நான்கு டப்பாவுக்குக் கத்தியது, இரண்டுக்கு அடங்கியது.

"அந்த ரெண்டுலதான் இருக்கு," என்றார் உறுதியாக.

அக்கா திறந்து காட்டினார். ஆறிலும் தகடு இருந்தது.

"இரும்பு டப்பா. கருவி குழம்பிடுச்சு."

"குழம்பட்டும். கத்தும்போதெல்லாம் அழுந்துதே, அந்தக் கட்டைவிரல எடுத்துட்டு நீட்டுங்க பாப்போம்."

கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பொத்தான். விரலை எடுத்ததும், தகடு போட்டவர், போடாதவர் எல்லாரிடமும் கருவி ஊமையாகிவிட்டது.

"மியூவான்ங்கிறது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடித் துகள். வானத்துல இருந்து எப்பவுமே விழுந்துக்கிட்டுதான் இருக்கு. இப்பகூட நம்ம உள்ளங்கைய நொடிக்கு ஒண்ணாவது துளைச்சிட்டுப் போகுது. கூரையையே துளைக்கிறத இந்தத் தகடா தடுக்கும்? உலையில இருந்து வர்ற கதிர அளக்கத்தான் பேட்ஜ், தடுக்கத்தான் சுவரு," என்றார் அக்கா.

இதற்குள் ஐயா பின்வாசல் வழியாகப் போயிருந்தார். எந்தக் கூட்டத்தையும் துளைத்துக்கொண்டு போகிற வித்தை அவருக்கும் தெரியும்.

வெல்டர் மெதுவாகக் கேட்டார். "என் வீட்டுக்காரிக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

"அவ வீட்ல இருக்கா, அவளுக்கு என்ன? சுவரத் தாண்டி உள்ள நின்னவன் நீதான்."

"எனக்கு எவ்வளவு ஏறியிருக்கும்?"

"அதச் சொல்ல வேண்டியது உன் பேட்ஜ். அது உன் அலமாரித் துணிக்கு எவ்வளவு ஏறுச்சுன்னுதான் சொல்லுது. நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். ஆனா சரியான கணக்கு இனி யாராலயும் சொல்ல முடியாதுடா."

வெல்டர் தகட்டைக் கழற்றி எறிந்தார். பாதிக் கூட்டம் கழற்றவில்லை. "கெடக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு" என்றது.

கிடக்கட்டும். கழுத்தில் எதை வேண்டுமானாலும் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள், ஐயாமாரே, அம்மாமாரே. கழுத்துக்கு மேலே இருப்பதையும் கொஞ்சம் வேலை வாங்குங்கள்.