நாய்க் கட்சியின் முறையீடு

ராஜபாளையம்
14.11.1999

அன்பும் மரியாதையும் மிகுந்த ஞானதுரை அத்தானுக்கு,

மைத்துனன் தேவசகாயம் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். பிரசவத்துக்கு வந்திருக்கும் கிருபாபாய் அக்காவும் நலம். அமெரிக்காவில் தங்கள் நலம் அறிய ஆவல். மின்னஞ்சலில் அறிய வழியில்லை. நீங்கள் மாடரேட்டராக இருக்கும் நம் ஊர்க்காரர்கள் மின்னஞ்சல் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டீர்கள். உங்களுக்குத் தனியாக அனுப்பினாலும் திரும்பி வருகிறது. அதனால் ஏர் மெயில்.

அத்தான், கிறிஸ்துமஸ் அன்று ஓட்டெடுப்பு. குழுவின் சின்னம் ராஜபாளையம் நாயா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவா? நான் நாய்க் கட்சி. நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். நாயைப் புகழ்ந்து வந்தவை உங்கள் அனுமதி கிடைக்காமல் உங்களிடமே நின்றுவிட்டன. பால்கோவாவைப் புகழ்ந்தவை அன்றன்றே வெளிவந்தன. கடைசியில், காலையில் நாய், மாலையில் பால்கோவா என்று எழுதிக் குழப்பும் ஆள் என்று சொல்லி நீக்கினீர்கள். ஆள் ஒன்றல்ல, அத்தான். மின்னஞ்சல் முகவரிதான் ஒன்று. போன் இல்லாதவர்கள் பக்கத்துக் கடை நம்பரைக் கொடுப்போமே, அப்படித்தான் எங்கள் தெருவே சாகுல் ஹமீதின் பிரவுசிங் சென்டர் முகவரியைக் கொடுத்துவிட்டது. அடியில் பெயர் போடத் தோன்றவில்லை. நாய் நான். பால்கோவா சாகுல், அவன் மனைவி ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. நான் எழுந்ததும் அவன் உட்கார்ந்து எனக்கு மறுப்பு எழுதுவான். எனக்குச் சந்தோஷம். நான் எழுதியதை முழுக்கப் படித்த முதல் மனிதன் அவன்.

இப்போது அவனும் வெளியே. "ஏலே, ஒங்கத்தான் ஊருக்காகத்தான அம்புட்டும் எழுதுனேன், என்னையுமில்ல சேத்துத் தள்ளிட்டாரு" என்கிறான். அக்காவிடம் முறையிட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "அவிய வீட்லயும் இப்படித்தாம்ல. நான் எதுத்துப் பேசுனா டிவி சத்தத்தக் கூட்டிருவாவ" என்றாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதிர்த்துப் பேசுகிறவனை வெளியே தள்ளாதீர்கள். திரும்பச் சேருங்கள். நாய் தோற்கட்டும், ஓட்டில் தோற்கட்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போகவும். கர்த்தர் உங்களுக்குச் சுகத்தையும் நடுநிலையையும் அருள்வாராக.

அன்புடன்,
தேவசகாயம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஒரு செய்தி. நாங்களே புதுக் குழு தொடங்கினோம். நான் மாடரேட்டர். வந்த முதல் கடிதமே பால்கோவா, எழுதியது சாகுல். பொறுக்க முடியவில்லை. நீக்கிவிட்டேன். ஒரே முகவரி. நானும் வெளியே. இனி இருப்பது உங்கள் குழு ஒன்றுதான். பால்கோவாவுக்கே ஓட்டுப் போடுகிறேன் அத்தான், சேர்த்துக்கொள்ளுங்கள்.