ஏழாம் எண் மின்கலம்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. வைசன் கச்சிங்வே பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. என் சந்தேகம் அவர் மேலல்ல. அவர் சொல்லும் அந்த இரண்டு வருடமும் நானும் மபிரிங்காவில்தான் இருந்தேன். அதே கடைவீதி, அதே ஆஸ்பத்திரி மேடு. இவ்வளவு பெரிய கூத்து கண்ணெதிரே நடந்திருந்தால் எனக்குத் தெரியாமலா போயிருக்கும்? ஆகவே அவர் சொன்னபடியே எழுதிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் படிப்பவர் பாடு.

மபிரிங்கா நகரத்தில் மக்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இது வெகுகாலமாக யாருடைய அனுமதியும் இல்லாமல் நடந்துவந்தது.

முக்கால்வாசிப் பேர் போனது கபாசாவில். சைக்கிளின் பின்கேரியரில் பஞ்சு அடைத்துத் தைத்த மெத்தை, அதன்மேல் ஆள், அதுதான் கபாசா. அதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மேடு வந்தால் ஏறியவர் இறங்கிவிட வேண்டும். ஓட்டுகிறவர் சைக்கிளைத் தள்ள, ஏறியவர் பக்கத்திலேயே பேசிக்கொண்டு நடக்க, மேடு முடிந்ததும் மறுபடி ஏறிக்கொள்வார். ஊரில் பாதிக் கல்யாணங்கள் ஆஸ்பத்திரி மேட்டில்தான் பேசி முடிக்கப்பட்டன.

வைசன் கபாசா ஓட்டினார். அவருடைய மெத்தை சிவப்பு நிறம், மனைவி தைத்தது. வீட்டில் ஆறு வயிறு. ஆறுக்கும் சோறு போட்டது அந்த ஒரு சைக்கிள்.

அந்தச் சமயத்தில் நகரசபையின் போக்குவரத்து அலுவலர் லாஸ்டன் முசுக்வா எட்டு நாள் பயணமாக ஒரு குளிர்நாட்டு நகரத்துக்குப் போய்வந்தார். போகும்போது தலையில் தொப்பி இருந்தது. வரும்போது ஹெல்மெட் இருந்தது. விமானத்திலும் அவர் அதைக் கழற்றவில்லை என்று கேள்வி. அந்த ஊரில் பெரிய மனிதர்களெல்லாம் சின்ன வண்டியில் நின்றுகொண்டே போகிறார்கள் என்ற செய்தியை அவர் கொண்டுவந்தார். அதற்குப் பெயர் நுண்நகர்வு.

வெளிநாட்டு நன்கொடையாக நாற்பது மின்ஸ்கூட்டர்கள் வந்து இறங்கின. அவற்றோடு ஓர் அறிவிப்புப் பலகையும் முளைத்தது.

'இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், நமது நகரம் நுண்நகர்வு யுகத்துக்குள் பிரவேசித்துவிட்டபடியால், பிரதான சாலையில் மிதிவண்டிகள் ஆட்களை ஏற்றிச் செல்வது இன்று முதல் தடை செய்யப்படுகிறது. மீறும் மிதிவண்டி பறிமுதல் செய்யப்படும். திருப்பித் தரப்படமாட்டாது.'

கடைசி வாக்கியம்தான் வைசனின் வயிற்றில் விழுந்தது. விளக்கக் கூட்டத்தில் கையைத் தூக்கினார்.

"ஐயா, நுண்நகர்வுன்னா என்னங்க?"

"சின்ன வண்டில, புகை இல்லாம, சத்தம் இல்லாம ஒருத்தர் போறது" என்றார் முசுக்வா.

"என் சைக்கிள்லயும் புகை இல்லீங்களே?"

"உன் சைக்கிள்ல ரெண்டு பேர் போறீங்க. ரெண்டு பேர்னா அது பொதுப் போக்குவரத்து. அதுக்கு வேற இலாகா."

"அப்ப நான் மட்டும் தனியா ஓட்டிட்டுப் போனா?"

"அது நுண்நகர்வு. தாராளமா போ."

"நான் தனியா எங்கய்யா போறது?"

"அது உன் சொந்த விஷயம். நகரசபை தலையிடாது."

இரண்டு வாரம் வைசன் பிரதான சாலையில் தாராளமாக நுண்நகர்ந்தார். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, பின்னால் மெத்தை காலி. வீட்டில் மாவு கிண்டும் பானை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது.

அதற்குள் ஸ்கூட்டர்கள் செத்துவிட்டன. நாற்பதுக்கும் சேர்த்து நகரசபை வளாகத்தில் ஒரே ஒரு சார்ஜ் கொட்டகை. மின்சாரம் வரும் நேரத்தில் கொட்டகை பூட்டியிருக்கும். கொட்டகை திறக்கும் நேரத்தில் மின்சாரம் இருக்காது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. ஸ்கூட்டர்கள் மழைக்கு ஒதுங்கிய ஆடுகளைப்போலச் சாலையோரம் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் சாகாமல் இருந்தது ஒரு சின்னப் பெட்டி மட்டும். வண்டி ஓடிய தூரத்தையும் வேகத்தையும் நன்கொடையாளர்களுக்குத் தெரிவிப்பது அதன் வேலை. அதற்கு மட்டும் தனி உயிர் கொடுத்திருந்தார்கள்.

பதினைந்தாம் நாள் காலை தக்காளி வியாபாரம் செய்யும் மெமரி வந்தாள். இரண்டு ஆள் கனம், மூன்று ஆள் வாய்.

"வைசன் அண்ணே, சந்தைக்கு நேரமாச்சு. உங்க சைக்கிள்ல நான் ஏறக் கூடாது, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா. ஏறினா சைக்கிள் போயிடும்."

"இந்தக் கழுதை மேல ஏறலாம்ல?" என்று பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரைக் காட்டினாள்.

"ஏறலாம். ஏறி என்ன பண்ணுவே? செத்துக் கிடக்கு."

"செத்ததைக் கட்டி இழுக்கக் கூடாதுன்னு பலகைல எழுதியிருக்கா?"

வைசன் போய்ப் பலகையை மறுபடி படித்துவிட்டு வந்தார். எழுதியிருக்கவில்லை. பழைய டியூப்பை நீளவாக்கில் கிழித்து, ஸ்கூட்டரின் கழுத்தைத் தன் கேரியரோடு கட்டினார். மெமரி ஏறி நின்றாள். வண்டி நகர்ந்தது.

நாற்சந்தியில் காவலர் ஜோம்போ கையை நீட்டினார். வைசன் பிரேக்கைப் பிடித்தார்.

"என்னய்யா இது?"

"சைக்கிள்ல யாரும் இல்லீங்க ஐயா."

ஜோம்போ இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து அறிவிப்பின் நகலை எடுத்து விரலை வைத்துப் படித்தார்.

"மெத்தை காலியாத்தான் இருக்கு."

"காலிங்க."

"அந்தம்மா ஸ்கூட்டர்ல நிக்கிறாங்க."

"நிக்கிறாங்க."

"நிக்கிறதுக்குத்தானே ஸ்கூட்டர் வாங்கினது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு முகம் இறுகியது. "ஹெல்மெட் எங்க?"

மெமரி தக்காளிக் கூடையை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"ம், போங்க. அடுத்த தடவை நல்லதா ஒண்ணு வாங்கிக்குங்க."

அந்த வாரக் கடைசிக்குள் ஊரிலிருந்த கபாசாக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஸ்கூட்டரைக் கட்டிக்கொண்டார்கள்.

மாத முடிவில் நன்கொடையாளர்களிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மபிரிங்காவின் ஸ்கூட்டர்கள் வேறெந்த நகரத்து ஸ்கூட்டர்களையும்விட அதிக தூரம் ஓடியிருக்கின்றன. உபயோகித்த மின்சாரம் பூஜ்யம். இந்தச் சாதனையின் ரகசியத்தை உடனே எழுதி அனுப்பவும். முசுக்வா கடிதத்தை மூன்று முறை படித்தார். பின் ரகசியத்தைத் தேடித் தெருவுக்கு வந்தார். எதிரே வைசன் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஸ்கூட்டரில் மெமரி கூடையோடு நின்றாள்.

முசுக்வா டியூப்பைத் தொட்டுப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

"இது என்ன, சைக்கிளா?"

ஆமென்றால் பறிமுதல். இல்லையென்றால் கண்ணெதிரே பொய். வைசன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதுன்னு சொல்றீங்களோ அதுங்க ஐயா."

"நல்ல பதில்" என்று முசுக்வா குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு, திட்டத்துல சைக்கிளுக்கு இடமே இல்ல. சைக்கிள்தான் இழுக்குதுன்னு எழுதினா நாற்பது ஸ்கூட்டரும் திரும்பிப் போகும், என் வேலையும் போகும், உன் வண்டியும் போகும். ஸ்கூட்டரை ஓட வைக்கிற சாமானுக்குத் திட்டத்துல ஒரே ஒரு பேருதான் இருக்கு."

"என்ன பேருங்க?"

"பேட்டரி."

"நான் பேட்டரிங்களா?"

"வெளிப்புறப் பேட்டரி" என்று முசுக்வா திருத்தினார்.

பின்னால் நின்ற மெமரி சிரித்த சிரிப்பில் தக்காளி நான்கு உருண்டது.

இவ்விதமாக வைசன் கச்சிங்வே ஏழாம் எண் மின்கலமாகப் பதிவு செய்யப்பட்டார். மின்கலத்தின் பிரிக்க முடியாத பாகம் என்ற தலைப்பில் சைக்கிளும் பதிவேட்டில் ஏறியது. இனி அதை யாரும் பறிமுதல் செய்ய முடியாது. அன்று இரவு அவர் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் பராமரிப்புப் பிரிவிலிருந்து மின்கலங்களுக்கான விதிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். மழையில் நனைய விடக்கூடாது என்று இருந்தது. வைசனுக்குப் பரம சந்தோஷம். வெயிலில் வைக்கக்கூடாது என்றும் இருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் மரத்தடியில் படுத்தபோது மட்டும் ஆள் வந்து எழுப்பினார்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்ற விதி வீட்டில் கொஞ்சம் சிக்கலை உண்டாக்கியது. அவருக்கு நான்கு குழந்தைகள்.

ஆனால் மேடு என்று ஒன்று இருந்தது.

ஆஸ்பத்திரி மேட்டின் அடியில் வைசன் வழக்கம்போல் நின்றார். பின்னால் யாரும் இறங்கவில்லை.

"மெமரி, மேடு வந்தாச்சும்மா."

"தெரியுது. ஓட்டுங்க."

"இறங்கலையா? எப்பவும் இறங்குவியே."

"அது சைக்கிள்ல போனப்ப அண்ணே. இது மெஷின். மெஷின்ல போறவ இறங்கி நடந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"மெஷின் எங்கம்மா ஓடுது? நான்ல இழுக்கிறேன்."

"நீங்கதான் பேட்டரியாச்சே. பேட்டரி பேசுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் இறங்கவில்லை. அன்று முதல் மேட்டில் எவருமே இறங்கவில்லை. வைசன் இறங்கி, தோளைச் சாய்த்து, சைக்கிளையும் ஸ்கூட்டரையும் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தார். மாலையில் முழங்கால் இரண்டும் மாவுப்பானைபோல் வீங்கியிருக்கும்.

கடைசியில் ஒரு மனு எழுதினார். வேறெதுவும் வேண்டாம், மேட்டில் மட்டும் பயணிகள் இறங்க வேண்டும் என்று ஒரு பலகை வைத்தால் போதும். ஒன்பதாவது நாள் பதில் வந்தது.

'மின்கலத்திடமிருந்து மனு பெறுவதற்கு விதிகளில் இடமில்லை. மேற்படி மின்கலத்திலிருந்து சத்தம் எழுவதாகத் தெரியவருவதால் பராமரிப்புப் பிரிவு தக்க நடவடிக்கை எடுக்கும்.'

பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் நன்கொடையாளர்கள் நேரில் வந்தார்கள். எல்லாவற்றையும் மெச்சினார்கள். கிளம்பும்போது ஒரு குறை மட்டும் சொன்னார்கள்: நவீன நகரம் என்றால் சைக்கிளும் இருக்க வேண்டுமே, இங்கே ஒன்றைக்கூடக் காணோமே? அப்போது அவர்களைச் சுற்றிலும் முப்பத்திரண்டு சைக்கிள்கள் நின்றுகொண்டிருந்தன. முசுக்வா வெட்கப்பட்டார். மறுநாளே தடை நீங்கியது. மிதிவண்டிகள் ஆட்களை ஏற்றலாம். ஏற்றுவது நகரத்துக்குப் பெருமை.

வைசன் ஸ்கூட்டரை அவிழ்த்து விட்டார். மெத்தையைத் துவைத்துக் காயவைத்துக் கட்டி, கடைவீதி முனையில் நின்றார்.

"வாங்க, உக்காந்து போகலாம்! தடை போயாச்சு! வாங்க ஐயா, வாங்கம்மா!"

ஆசிரியர்கள் போனார்கள். குமாஸ்தாக்கள் போனார்கள். பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் நின்றபடி போனார்.

"சைக்கிள்லயா? இந்தக் காலத்துலயா?" என்று ஒரு பெண் மூக்கைச் சுளித்தாள். மெமரிகூட, "தப்பா நினைக்காதீங்க அண்ணே, உக்காந்து போனா கால் மரத்துப் போகுது" என்றாள்.

நான்காம் நாள் வைசன் ஸ்கூட்டரை மறுபடி கட்டிக்கொண்டார்.

இரண்டு வருடம் முடிந்ததும் ஒரு தாள் வந்தது. விதிப்படி மின்கலத்தின் ஆயுள் இரண்டு வருடம். ஏழாம் எண் மின்கலம் மேட்டில் வேகம் குறைவதாக ஸ்கூட்டரின் பெட்டி தெரிவித்திருந்தது. ஆகவே அது ஆயுள் முடிந்ததாக அறிவிக்கப்படுகிறது. சுற்றுச்சூழலுக்குக் கேடின்றி அகற்றப்படும்.

வைசன் அலுவலகத்துக்கு ஓடினார்.

"ஐயா, என்னை எடுத்துட்டுப் போங்க, பரவாயில்ல. சைக்கிளை என்ன பண்ணுவீங்க?"

"அதுவும் மின்கலத்தோட பாகம்தானே?" என்றார் முசுக்வா. நல்ல மனிதர். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "கழிவுப் பொருளை யாராவது மனமுவந்து வாங்கிக்கிட்டா கொடுத்துடலாம். நீ வாங்கிக்கிறியா?"

'ஆயுள் முடிந்த மின்கலம் ஒன்றைக் கழிவாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் வைசன் கையெழுத்துப் போட்டார். அவருடைய இடத்துக்கு இருபது வயதுள்ள புதிய மின்கலம் ஒன்று மறுநாளே வந்து சேர்ந்தது. வைசன் சைக்கிளில் ஏறித் தனியாக வீட்டுக்குப் போனார்.

இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் கேட்ட மூன்று முறையும் ஒரு சொல் மாறவில்லை. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அந்த ஸ்கூட்டர்கள் என் நினைவில் நன்றாகத்தான் ஓடின. இரண்டு வருடமும் தினம் காலையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நானும் அதில் நின்று போயிருக்கிறேன். அருமையான வண்டி. ஆஸ்பத்திரி மேட்டில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

போன மாதம் வைசனைப் பார்க்கப் போயிருந்தேன். பேசி முடித்துவிட்டு வாசல்வரை வழிகாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். இடது தோள் சாய்ந்த அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே சிறிது தூரம் போனேன். பிறகு என்னால் நடக்க முடியவில்லை. நின்று கேட்டேன்:

"வைசன் அண்ணே, தினமும் காலைல நான் போவேனே... அப்ப முன்னால இருந்தது நீங்கதானா?"