ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்த கதை

என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டுக்குள் மூச்சு விடுகிறார். பிரச்சினையே அதுதான். மூச்சு விடாமல் வண்டி ஓட்டுங்கள் என்று கட்டிய மனைவி சொல்ல முடியாது. சொன்னால் ஊர் வேறு மாதிரிப் பேசும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் வீட்டில் இந்தக் கூத்தும் தொடங்கிவிடும். அவர் பெயர் கிளாட்வின். வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஓர் அரசாங்க ஆபீஸில். வீடு ராஜபாளையத்தில். நடுவில் பைக்குக்கு அரை மணி நேரச் சாலை. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் ஆறேகாலுக்கு வாசலில் வண்டி நிற்க வேண்டும். வெயில் காலத்தில் நிற்கும். மழைக்காலத்தில் ஏழு மணி. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே காரணத்தையும் சேர்த்துக் கழற்றி வைப்பார்.

"கண்ணாடி பூரா ஆவி படிஞ்சிருதுட்டி. முன்னால போறது லாரியா மாடான்னு தெரியல. தூக்கி விட்டா மழை கண்ணுல ஊசி மாதிரி குத்துது. நாலு இடத்துல ஓரங்கட்டித் தொடச்சித் தொடச்சி வாரேன்."

மூன்று நிமிஷத்தில் குளித்துவிட்டு வருகிற மனுஷர் இவர். ஒரு சாண் கண்ணாடியைத் துடைக்க முக்கால் மணி நேரம். நம்பினேன். இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் சில விஷயங்களை நம்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது.

ஆவி மட்டும் என்றால் நான் தலையிட்டிருக்க மாட்டேன். சர்க்கரையும் சேர்ந்துகொண்டது.

அவருக்கு இரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஜூலையில் எடுத்த மூன்று மாதச் சராசரி ஏழு. டாக்டர் என் கையைப் பிடிக்காத குறையாகப் பாராட்டினார். நவம்பரில் எடுத்தது எட்டரை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். இவர் உடனே என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார், "வீட்டுல ரொம்ப ருசியா சமைக்கா டாக்டர். கையைக் கட்டுப்படுத்த முடியல."

பாராட்டு மாதிரியே ஒரு பழி. கம்பங்களியையும் கீரையையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். சீனி டப்பாவில் இப்போது கடுகு இருக்கிறது. என் நாத்தனார் வந்தால்கூட வெறும் காப்பிதான். அந்தச் சமையலறை மேல் பழி. டாக்டர் எனக்குப் பதினைந்து நிமிஷம் பாடம் எடுத்தார். கான்வென்டில் சிஸ்டர்கள் முன்னால்கூட நான் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை. கடைசியில் சொன்னார்: கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு டெஸ்ட், குறையவில்லை என்றால் தினம் வயிற்றில் ஊசி. சாயங்காலம் அரை மணி நேரம் கட்டாயம் நடக்க வேண்டும்.

ஊசி என்றதும் இவர் வெளிறிப்போனார். நடை என்றதும் ஆவியைக் காட்டினார். ஏழு மணிக்கு வந்து இறங்குகிறவன் எப்போது நடப்பது என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். ஆவி போக வேண்டும். ஆவி போனால் முக்கால் மணி நேரம் மிச்சம். மிச்ச நேரத்தில் மனுஷர் நடப்பார். நடந்தால் சர்க்கரை இறங்கும். என் சமையலறையின் மானம் ஒரு ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தார். காய்ந்ததும் கண்ணாடி கஞ்சி போட்ட சட்டை மாதிரி வெளுத்துப்போயிற்று. அடுத்த நாள் பற்பசை. அது கண்ணாடி முழுக்கக் கீறலைப் போட்டுவிட, எதிரே வருகிற ஒரு லாரிக்குப் பதினெட்டு விளக்கு தெரிந்ததாம். மூன்றாவது நாள் மூக்குக்கு மாஸ்க் போட்டார். மூச்சு முழுக்க மேலே ஏறி நேரே கண்ணாடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு தோல்வியையும் ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி வந்து சொன்னார்.

"தள்ளுங்க," என்றேன்.

எட்டாம் வகுப்பில் எங்கள் சயின்ஸ் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான். சூடான மூச்சு குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் பொடிப்பொடித் துளியாக உட்காரும். அந்தத் துளிதான் பார்வையை மறைக்கிறது. சோப்பு பூசியிருந்தால் தண்ணீர் துளியாக நிற்காது, மெல்லிய படலமாகப் பரவிவிடும். பார்வை தெளிவாக இருக்கும். கீறல் விழுந்த கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டச் சொன்னேன். பாத்திரம் தேய்க்கிற லிக்விடில் ஒரே ஒரு சொட்டு, உள்பக்கம் முழுக்கத் தடவி, கழுவாமல் காயவிட்டேன். பிறகு பேண்டேஜ் துணியால் பளிச்சென்று ஆகும்வரை மெல்லத் துடைத்தேன். பேண்டேஜ் துணிக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. சத்திரப்பட்டித் தறிகளின் புண்ணியத்தில், அடிபடாதவர்கள் வீட்டிலும் ஒரு சுருள் கிடக்கும்.

பரீட்சை வைக்காமல் நான் எதையும் விடுவதில்லை. இட்லிக் கொப்பரையைத் திறந்து வைத்து, ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டி, ஆவிக்கு நேரே குனியச் சொன்னேன். குனிந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு விஜி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அதிர்ச்சியில் அவளுக்கு அதுதான் முதலில் வந்தது.

"ஏமிக்கா இது. அண்ணனுக்கு ஜலதோஷமா? ஹெல்மெட்டைக் கழத்திட்டு ஆவி பிடிக்கச் சொல்லக்கூடாதா?"

"வாயத் தொறந்து ஊதுங்க," என்றேன் அவரிடம். ஊதினார். இட்லி வெந்து முடிகிறவரை ஊதினார். கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவி இல்லை. விஜி அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மீசையில் எத்தனை நரை என்றுகூட எண்ணலாம் என்று சான்றிதழ் கொடுத்தாள்.

நான் வெற்றியோடு அவரைப் பார்த்தேன். அத்தனை தெளிவான கண்ணாடிக்குள் அத்தனை வாடிய முகம். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் ஆறு இருபதுக்கு வந்தார். பேசாமல் நடந்துவிட்டு வந்தார். களியைத் தட்டில் வைத்தேன். எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் ஒரு பிஸ்கட்டைக்கூட யாரும் வாயில் வைப்பதில்லை. அவர் சின்ன வயசிலிருந்தே அப்படி வளர்ந்தவர், பஸ்ஸில் கடலை வாங்கினால்கூடக் கண்ணை மூடிவிடுவார். அன்றைக்குக் களிக்கு நன்றி சொன்ன ஜெபம் ஆறு விநாடியில் முடிந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மறுபடி ஏழு மணி.

"ஒன் மருந்து கீழ்ப்பக்கம் வேல செய்யலட்டி. வாய்க்கு நேரே அப்படியே ஆவி அடைச்சிருது."

கண்ணாடியை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மேலே நான் துடைத்தது துடைத்தபடி இருந்தது. கீழே, வாய்க்கு நேராக, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பிசுக்கு. பிசுக்குப் பட்ட இடத்தில் சோப்புப் படலம் நிற்காது; ஆவி படியத்தான் செய்யும். மனுஷர் பொய் சொல்லவில்லை. ஆனால் மழைத் தண்ணீருக்குப் பிசுக்கு ஏது? மூக்கருகே கொண்டுபோனேன்.

பாலும் சீனியும் சேர்ந்து சுண்டின வாசனை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறுமே, அதே வாசனை. பால்கோவா.

அந்த ஒரு விநாடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. ஜூலையில் ஏழு, நவம்பரில் எட்டரை. வெயில் காலத்தில் ஹெல்மெட்டோடு கடையில் போய் நின்றால் பார்க்கிறவன் சிரிப்பான். மழைக்காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆவி படிந்த கண்ணாடிக்குள் இருப்பது கிளாட்வினா கலெக்டரா என்று யாருக்குத் தெரியும்? இவர் ஆபீஸ் ஆட்கள் முழுக்க அந்தத் தெருவில்தான் டீ குடிப்பார்கள். என் தம்பி பெனின் வீடும் அங்கேதான். ஆவியை அவர் வைது தீர்த்தது வாயளவில்தான். உள்ளுக்குள் அது அவருக்குக் குடும்ப நண்பன்.

கண்ணாடியைப் பழையபடி பூசித் துடைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்து, மாட்டிக் கொடுத்தேன். "இப்ப சரியாயிருச்சு," என்றேன். நன்றி சொன்னார். நான் சத்தம் போட்டிருந்தால் உஷாராகியிருப்பார். அடுத்த இரண்டு மூன்று நாள் ஒழுங்காக நேரத்துக்கு வந்தார்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, நல்ல மழை. ஐந்தேகாலுக்கு விஜி வீட்டுக்குப் போய், அவள் வீட்டுக்காரர் ஹெல்மெட்டையும் ரெயின்கோட்டையும் கேட்டேன். என்னுடையதை இவருக்கு அடையாளம் தெரியும்.

"இந்த மழையில எங்கக்கா கெளம்பிட்டீக?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஜெபக் கூட்டம்."

"அண்ணனும் வாரகளா?"

"அவிய மொதல்லயே போயிருப்பாக."

ஸ்கூட்டியை எடுத்தேன். அந்த ஹெல்மெட் கண்ணாடியில் யாரும் சோப்பு தடவவில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் எனக்கு உலகம் வெள்ளையாகிவிட்டது. வழியில் ஆறு இடத்தில் நிறுத்தித் துடைத்தேன். மொத்தம் நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. இதையும் குறித்துக்கொண்டேன்.

அவர் பைக் எந்தக் கடை முன்னால் நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஆபீஸிலிருந்து மூன்றாவது கடை. ரெயின்கோட்டும் ஹெல்மெட்டுமாக உள்ளே போய், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். மழைக்கு ஒதுங்கின யாரோ ஓர் ஆம்பளை என்றுதான் நினைத்திருப்பார்கள். என் கண்ணாடி முழுக்க ஆவி. மூலையில் ஒரு கடுகளவு ஓட்டை தெளிந்திருந்தது. அது போதும்.

அவர் நின்றிருந்தார். தலையில் புறா படம் ஒட்டிய சிவப்பு ஹெல்மெட். கண்ணாடி இறக்கியிருந்தது. நான் துடைத்த துடைப்பில் எட்டடி தூரத்திலிருந்தே மூக்கு, மீசை, மூக்குக் கண்ணாடி எல்லாம் பளபளவென்று தெரிந்தன. தனக்கு வெளியே நன்றாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டவருக்கு, வெளியே இருப்பவர்களுக்கும் தன்னைத் தெரியும் என்று தோன்றவில்லை. அரசாங்க ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் இருந்தால் இப்படித்தான்.

கடைக்காரர் சீனிச்சாமி அவரை நெடுநாள் பழக்கம் போலப் பார்த்தார்.

"ஹெல்மெட் சாருக்கு ஒரு நூறு. இப்பத்தான் எறக்குனது, சூடா இருக்கு. ரெண்டு மூணு நாளா ஆளக் காணுமே சார்?"

"வீட்டுல கொஞ்சம் வேல," என்றார் இவர்.

இலையில் வைத்த பால்கோவாவை வாங்கிக்கொண்டு ஓரமாக வந்தார். எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். அப்போது கையை வாய்க்குக் கொண்டுபோயிருந்தால், ஆண்டவர் சத்தியமாக, எனக்குக் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். ஆனால் அவர் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்.

ஜெபம் பண்ணினார். கடைக்குள், ஹெல்மெட்டோடு. ஆறு விநாடி இல்லை. இந்த உணவுக்கு நன்றி சொன்னார். இதைக் கிண்டின கைகளை ஆசீர்வதிக்கச் சொன்னார். பால் கறந்தவர், மாடு, மாட்டுக்குப் புல் போட்டவர் வரைக்கும் போனார். என் களிக்கு வாய்க்காத வார்த்தையெல்லாம் அங்கே ஊற்றாகப் பொங்கியது. கடைசியாக ஒரு விண்ணப்பமும் வைத்தார்.

"இந்த நூறு கிராம் மட்டும் நாளைக்கி டெஸ்ட்டுல தெரியாம மறைச்சிரும் ஆண்டவரே."

"ஆமென்," என்றேன் நான்.

இருபத்தாறு வருஷமாக ராத்திரி ஜெபத்துக்கு நான் சொல்கிற அதே ஆமென். குனிந்த தலை நிமிரவில்லை. ஹெல்மெட்டுக்குள் மூச்சு நின்றது எனக்கே கேட்டது. ஒவ்வொரு அங்குலமாகத் திரும்பினார். நான் என் கண்ணாடியைத் தூக்கினேன்.

ஆண்டவர் உடனே பதில் கொடுப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல.

மனுஷர் சளைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடனே ஒரு காரணம் வந்து விழுந்தது.

"ஒனக்குத்தான் வாங்குனேன் ஸ்வீட்லின். சூடு ஆறுறதுக்குள்ள கொண்டாந்து குடுக்கணும்னு..."

"எனக்கா?"

"ஒனக்கேதான். சத்தியமா."

"அப்ப குடுங்க," என்று இலையை வாங்கிக்கொண்டேன். நல்ல பால்கோவா. சூடு சரியாக இருந்தது. ஓரத்தில் லேசாகத் தீய்ந்த வாசனையோடு, நாக்கில் வைத்ததும் கரைந்தது. நிதானமாகச் சாப்பிட்டேன். கல்லாவில் சீனிச்சாமி வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

அவர் ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு துளி ஆவி இல்லை. கடைசி விள்ளல் வரை ஒன்று விடாமல் தெளிவாகப் பார்த்தார்.