சமத்துவப் பிரிவுக்கு ஓர் அறை

இன்று முதல் நம் அலுவலகத்தில் ஆண், பெண் பேதம் அறவே ஒழிக்கப்படுகிறது என்று சுற்றறிக்கை வந்தபோது கணக்குப் பிரிவு அக்காவுக்கு நிஜமாகவே சந்தோஷம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பேதத்தை ஒழிக்க ஒரு சமத்துவப் பிரிவு வேண்டும். பிரிவுக்கு ஓர் அறை வேண்டும். மேலாளர் அறையில் கைவைக்க முடியுமா? ஆண்கள் கழிப்பறையில் எந்நேரமும் கூட்டம். கடைசியில் பெண்கள் கழிப்பறைதான் அகப்பட்டது.

மறுநாள் அக்கா அவசரமாகக் கதவைத் திறந்தாள். உள்ளே மேசை போட்டுச் சமத்துவ அதிகாரி உட்கார்ந்திருந்தார். கை கழுவும் தொட்டி நிறையக் கோப்புகள். சுவரில் ‘பெண்களை வரவேற்கிறோம்’ என்று ஒரு பலகை.

"வாங்கம்மா, வாங்க! என்ன குறை?"

"நீங்க இங்க உட்கார்ந்திருக்கிறதுதான் சார் குறை."

"அருமை! மனசைத் திறந்து பேசுறீங்க."

"மனசு கிடக்கட்டும் சார், கதவைத் திறந்து விடுங்க. அவசரத்துக்குப் பக்கத்து அச்சகத்துக்கு ஓட வேண்டியிருக்கு. அங்க இருக்கிறதே ஒண்ணு. ஆம்பளைங்களுக்கு மட்டும் இங்கயே இருக்கே, இது நியாயமா?"

அதிகாரி ஆடிப்போனார். நல்ல மனுஷர், கண்கூடக் கலங்கிவிட்டது. "அவங்களுக்கு இருக்கு, உங்களுக்கு இல்லையா? எவ்வளவு பெரிய பாகுபாடு!"

சாயங்காலத்துக்குள் ஆண்கள் கழிப்பறைக்கும் பூட்டு விழுந்தது.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டீங்களே அக்கா!" என்று எழுத்தர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"நான் திறக்கத்தானப்பா சொன்னேன்!"

மிச்சமிருந்தது மேலாளர் அறைக்குள் இருந்த ஒன்றே ஒன்று. சிறந்த சமத்துவ அலுவலகத்துக்கு விருது தர நடுவர்கள் வருவதாகச் செய்தி வந்ததும், மேலாளர் தம் தனிக்கழிப்பறையைத் தாமே பூட்டி, சாவியைத் தியாகம் செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டுதான் தட்டினார்கள்.

நடுவர்கள் வந்த அன்று மேலாளர் அவர்களோடு சேர்ந்து காப்பி குடித்தார், மறுபடியும் குடித்தார், சமத்துவம் பற்றி நெடுநேரம் பேசினார். பேச்சின் நடுவே திடீரென்று அச்சகத்தை நோக்கி ஓடினார். அங்கே வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது.

"அம்மா, கொஞ்சம் வழி விடும்மா! தாங்காது!"

"எல்லாரும் சமம் சார்," என்றாள் அக்கா. "பின்னால போய் நில்லுங்க."

ஐயோ, அந்த நிமிஷம் அவளுக்கு எவ்வளவு ஆனந்தம்! பின்னாலேயே ஓடிவந்த அதிகாரி நெகிழ்ந்துபோய்ப் படம் எடுத்தார். ‘பதவி பேதமின்றி, ஆண், பெண் பேதமின்றி ஒரே வரிசையில்’ என்று அதற்குத் தலைப்பும் போட்டார். அந்தப் படத்துக்கே முதல் விருது கிடைத்தது.

அச்சக முதலாளிக்கு வயிறு எரிந்தது. "நம்ம வாசல்ல எடுத்த படம், விருது மட்டும் அவங்களுக்கா?"

மறுநாள் காலை மொத்த அலுவலகமும் அக்காவின் பின்னால் அச்சகத்து வரிசையில் நின்றது. அக்கா கதவைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து ஒரு புதுக்குரல் அன்பொழுகக் கேட்டது:

"வாங்கம்மா, வாங்க! என்ன குறை?"